கரிக்கோடு

அன்புள்ள சார்,

ரஷ்யப் புரட்சியைத் தொழிலாளர்கள் செய்தார்கள் என்கிறோம். லெனினும் படித்த சிலரும் செய்ததுதானே? கூட்டம் பின்னால் போயிருக்கும். அவர்களுக்குக் கொள்கை ஏதாவது புரிந்திருக்குமா? அக்டோபரில் நடந்தது புரட்சியா, வெறும் ஆட்சிக் கவிழ்ப்பா?

எஸ்., வண்டிப்பெரியாறு

அன்புள்ள தம்பி,

அக்டோபரை விடுங்கள், அதற்குச் சண்டை போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிப்ரவரிக்கு வாருங்கள். 1917, பழைய நாட்காட்டிப்படி பிப்ரவரி 23, நமக்கு மார்ச் 8. அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடின் வைபோர்க் பகுதியில் நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டு இறங்கினார்கள். ரொட்டிக்கு வரிசையில் நின்று சலித்தவர்கள். இப்போது வேலைநிறுத்தம் வேண்டாம் என்றுதான் அங்கிருந்த போல்ஷ்விக்குகளே, அதாவது லெனின் கட்சிக்காரர்களே, முந்தின நாள் சொல்லியிருந்தார்கள். பெண்கள் கேட்கவில்லை. பக்கத்து இரும்பாலைகளுக்குப் போய் ஆண்களையும் வெளியே கூப்பிட்டார்கள். ஒரே வாரத்தில் ரஷ்யப் பேரரசர் ஜார் முடி துறந்தார். லெனின் அப்போது சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில். புரட்சியின் முடிவான போர்களை எங்கள் தலைமுறை பார்க்காமலே போகலாம் என்று அந்த ஜனவரியில்தான் பேசியிருந்தார்.

'கூட்டம் பின்னால் போயிருக்கும்' என்று எழுத உங்களுக்கு எப்படித் தம்பி கை வந்தது? அதுவும் தேயிலைக் காட்டில் இருந்துகொண்டு!

என் அம்மா மூணாறு பக்கம் கொழுந்து எடுத்தவள். எடை போடும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிப்பார்கள். மழை இல்லாத மாசியிலும் ஈரம். கழிந்த ஒவ்வொரு கிலோவுக்கும் லயத்துச் சுவரில் (தோட்டத்து வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம்), அடுப்புக்குப் பக்கத்தில், கரியால் ஒரு கோடு இழுப்பாள். யாரிடமும் காட்டியதில்லை. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்வாள். கையெழுத்துகூடப் போடத் தெரியாது. கொள்கை புரிந்ததா என்று கேட்கிறீர்கள்!

2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியதும் மூணாறு சாலையில் பெண்கள் உட்கார்ந்தார்களே, பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், அதில் அவளும் இருந்தாள். பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை விரட்டிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் 20 கிடைத்தது: 8.33 போனஸாம், மீதி 11.67 கருணைத்தொகையாம். யார் கருணையோ!

சரி, உங்களைத் திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை. மூன்றாம் நாள் ஊரிலிருந்து போன் போட்டு, "யாரும்மா தலைமை? என்ன திட்டம்?" என்று உங்களைப் போலத்தான் விசாரித்தேன்.

"தலைமையா? முன்னால எடமில்லடா, நான் மூணாவது வரிசை. சார்ஜ் போயிரும், வை" என்றாள்.