மலம் தாமதமானால் பயம் வேண்டாம். வாயுவும் நின்றால் வீட்டில் இருக்காதீர்கள்

அண்ணனுக்கு வந்தது எனக்கும் வருமா என்று நேராகவே கேட்டிருக்கலாம். வயிற்று இரைச்சல், மிதக்கும் மலம், செரிக்காத தக்காளித் தோல் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள். 49 வயதில் அண்ணனுக்கு இடது பக்கப் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி; குடல் அடைத்து அவசர அறுவை சிகிச்சை. உங்களுக்கு 44 வயது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. ‘தேங்கிய கழிவு விஷமாகி ரத்தத்தில் கலக்கும்’ என்று ஒரு வீடியோவில் கேட்டதிலிருந்து பேதியாவதற்காகத் தினமும் இரவு நிலாவாரைப் பொடி, வாரம் ஒருமுறை விளக்கெண்ணெய்.

நீங்கள் எழுதியிருப்பதில் குடல் அடைப்புக்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. இளமையிலிருந்தே இப்படித்தான் என்றும் சொல்கிறீர்கள். திடீரென்று மாறிய வழக்கம்தான் மருத்துவர்களான எங்களைக் கவலைப்பட வைக்கும். பல வருடப் பழக்கம் அல்ல. ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறவரும் சரி, வாரத்துக்கு மூன்று முறை போகிறவரும் சரி, சிரமமில்லாமல் போனால் இயல்பானவர்கள்தான்.

குடலில் இருப்பது தன் எடையால் கீழே இறங்கி வருவதில்லை. விண்வெளியில் எடையற்று மிதப்பவருக்கும் செரிமானம் நடக்கிறது. பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேய உடலியலாளர்கள் 1899-இல் இதை விளக்கினார்கள்: உள்ளே இருக்கும் பொருளுக்குப் பின்னால் குடல் தசை சுருங்கும், முன்னால் தளரும். பின்னால் அழுத்தம் கூடுகிறது, முன்னால் குறைகிறது, பொருள் நகர்கிறது. சுமார் ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலை உணவு சில மணி நேரத்தில் கடந்துவிடும். ஒன்றரை மீட்டர் பெருங்குடலைக் கடக்கத்தான் ஒன்றரை நாள், சிலருக்கு மூன்று நாள்கூட ஆகும். அது சோம்பல் அல்ல. தினமும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர்மம் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லி தண்ணீர்தான். மற்றதை உறிஞ்ச நேரம் வேண்டும். அதனால் பெருங்குடலின் பெரும்பாலான சுருக்கங்கள் தள்ளுவதில்லை. உள்ளே இருப்பதை முன்னும் பின்னும் புரட்டுகின்றன. நாளில் சில தடவை மட்டும், அதிலும் பெரும்பாலும் காலையில் எழுந்த பிறகும் சாப்பிட்ட பிறகும், ஒரு பெரிய அலை கிளம்பி நீளமாகத் தள்ளிவிடும். அந்த உணர்வு வரும்போது அடக்காமல் போனால் போதும்.

இப்போது நிலாவாரைக்கு வருவோம். அது அந்தப் பெரிய அலையை வலுக்கட்டாயமாகக் கிளப்பி, பெருங்குடலை நெடுந்தூரம் காலி செய்கிறது. காலியான குடல் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் மலம் வராது. வருவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. ‘பார்த்தீர்களா, நின்றுவிட்டது’ என்று நீங்கள் மறுபடி ஒரு ஸ்பூன் போடுகிறீர்கள். உங்கள் மலச்சிக்கலில் பாதி இப்படி உண்டானது. அளவு மீறிப் பேதியானால் உடம்பில் பொட்டாசியமும் குறையும். பொட்டாசியம் குறைந்தால் குடல் தசையே தளர்ந்துபோகும். நிறுத்திவிடுங்கள்.

அந்த விஷக் கதை புதியதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இதை நம்பி, மலச்சிக்கலுக்காகவே பலருடைய பெருங்குடலை வெட்டி எடுத்தார். அந்தக் கொள்கையை மருத்துவ உலகம் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. குடலின் உள் தோல் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்கிறது. அதன்மேல் பழைய கழிவு வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்க வழியில்லை. செத்த கதையை எடுத்துப் பொடி விற்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

இரைச்சல், வாயுவும் நீரும் நகரும் ஒலி. மலம் மிதப்பது பெரும்பாலும் அதில் கலந்த வாயுவால். தக்காளித் தோலைச் செரிக்கும் நொதி மனிதருக்கு இல்லை. இந்த மூன்றையும் இன்றோடு மறந்துவிடலாம்.

மறக்கக் கூடாதது ஒன்று. பெருங்குடலின் வலது பக்கத்தில் உள்ளே இருப்பது கூழ்ப் பதம். அங்கே கட்டி வளர்ந்தாலும் நெடுநாள் வழி கிடைக்கும். இடது பக்கத்துக்கு வரும்போது அது கெட்டியாகிவிடுகிறது, குழாயும் குறுகலாகிவிடுகிறது. அங்கே வரும் கட்டிதான் அடைக்கும். கெட்டியான மலம் போக முடியாத இடுக்கிலும் வாயு நுழைந்து போய்விடும். ஆகவே மலம் வரவில்லை என்பது தனியாக ஒரு செய்தியே அல்ல. வாயுவும் பிரியவில்லை, வயிறு உப்பிக்கொண்டே போகிறது, வலி அலை அலையாக வந்து பிடித்துவிட்டு விடுகிறது, வாந்தி வருகிறது என்றால் வழி மூடிவிட்டது என்று கொள்ளுங்கள். இந்த நான்கும் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பெருங்குடல் அடைப்பில் வாந்தி கடைசியாகத்தான் வரும். ‘காலையில் கொஞ்சம் போனதே’ என்றும் ஏமாறாதீர்கள். அடைப்புக்குக் கீழே மிச்சமிருந்தது ஒருமுறை வெளியே வரலாம்.

அந்த நேரத்தில் பேதி மருந்து கொடுப்பது மூடிய வழியில் மேலும் அழுத்தம் ஏற்றுவது. உள் அழுத்தம் ஒன்றாக இருந்தாலும், விரிந்த இடத்தின் சுவரில்தான் இழுவிசை அதிகம். லாப்லாஸ் விதி சொல்வது இதுதான். பெருங்குடலில் மிக விரிந்த பகுதி வலது அடிவயிற்றில் இருக்கும் அதன் தொடக்கப் பை. அதன் சுவரும் மெல்லியது. எனவே இடது பக்கம் அடைத்தால் வலது பக்கம் கிழியலாம். எக்ஸ்ரேயில் அந்தப் பை 12 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் நாங்கள் பதறுவது அதனால்தான். உங்கள் அண்ணன் வயிறு உப்பிய பிறகும் இரண்டு நாள் விளக்கெண்ணெய் குடித்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். உயிர் தப்பியது பெரிய விஷயம். அலையாக வந்த வலி விடாத வலியாக மாறினாலும், தொட்டாலே வயிறு வலித்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கே போங்கள். வழியில் எதையும் சாப்பிட வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்வி. உடன்பிறந்தவருக்கு இந்த வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். அதற்கு மருந்து பொடி அல்ல, கொலோனோஸ்கோப்பி; ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பாக, எது முந்துகிறதோ அப்போதே தொடங்க வேண்டும். உங்கள் கணக்கில் 39. ஐந்து வருடம் தாண்டிவிட்டது; இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான கட்டிகள் சின்னச் சதை மொட்டாகத் தொடங்கிப் பல வருடம் எடுத்துத்தான் புற்றாகின்றன. மொட்டாக இருக்கும்போதே அதே கருவியால் எடுத்துவிடலாம். ஒன்றும் இல்லையென்றாலும் ஐந்து வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

பரிசோதனைக்கு முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்ய மருத்துவமனையே குடிக்க மருந்து தரும். நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள். அண்ணனின் பயாப்சி (கட்டியின் திசுப் பரிசோதனை) அறிக்கையைக் கையோடு எடுத்துப்போங்கள். அக்கா ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் இதே பரிசோதனை வேண்டும். இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள்.