கொழுந்து மட்டும் வெளுக்கிற எலுமிச்சைக் கன்று

கேள்வி: நெல்லை மாவட்டம் மானூர் பக்கம் ஒரு ஏக்கரில் போன கார்த்திகையில் எலுமிச்சைக் கன்று நட்டேன். முதல் மூன்று மாதம் நன்றாக வந்தது. இப்போது கொழுந்தெல்லாம் மஞ்சளாக வருகிறது. யூரியா வைத்தேன், டி.ஏ.பி.யும் போட்டேன், கேட்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் பாய்ச்சுகிறேன். குழி எடுத்தபோது அடியில் வெள்ளையாகச் சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) வந்தது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: அண்ணாச்சி, ஜிப்சம் வேண்டாம். அது சோடிய உப்பு ஏறிய களர் நிலத்துக்கான மருந்து. உங்கள் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே மண்டிக் கிடக்கிறது, அதன் மேல் இன்னும் சுண்ணாம்புச் சத்தைக் கொட்டி என்ன ஆகப்போகிறது? யூரியா, டி.ஏ.பி. இரண்டையும்கூட இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.

எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள். தழைச்சத்து குறைந்தால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். கீழே இருக்கிற சத்தைச் செடி உறிஞ்சிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்பும் துத்தநாகமும் அப்படி எளிதில் நகராது, அதனால் அவை குறைந்தால் கொழுந்தில்தான் தெரியும். உங்களுக்குக் கொழுந்து வெளுத்திருக்கிறது. யூரியா கேட்காததற்குக் காரணம் அதுதான்.

ஒரு கொழுந்து இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். இலை வெளுத்து, நரம்பு மட்டும் மெல்லிய பச்சை வலையாகத் தெரிந்தால் இரும்புக் குறை. இலை சிறுத்து, ஒடுங்கி, கணுக்கள் நெருங்கிக் கொத்தாக நின்றால் துத்தநாகக் குறை. சுக்கான் நிலத்தில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். நடுநரம்பே மஞ்சளாகி இலைப்பரப்பு பச்சையாக இருந்தால் வேரிலோ தூரிலோ கோளாறு. நடுநரம்புக்கு இருபுறமும் மஞ்சள் ஒரே மாதிரி இல்லாமல் திட்டுத்திட்டாக, அதுவும் ஒரு கிளையில் மட்டும் இருந்தால் கவனம் தேவை. அது சைலிட் பூச்சி பரப்புகிற கிரீனிங் நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து கிடையாது. அப்படிச் சந்தேகமான கன்று இருந்தால் வேளாண் அலுவலரிடம் காட்டி உறுதிசெய்து, பிடுங்கி எரித்துவிடுங்கள்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைக் கரையவிடாமல் பூட்டி வைத்திருக்கிறது. தாழையூத்தில் 1949-லேயே சிமெண்ட் ஆலை வந்தது இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான். ஆலைக்கு லாபம், எலுமிச்சைக்குத் தலைவலி! அடிமண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் சுண்ணாம்புதான். டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்து கூடிப்போனால் இரும்பும் துத்தநாகமும் இன்னும் கிடைக்காமல் போகும்.

அடுத்தது தண்ணீர். உங்கள் விஷயத்தில் பாதிக் குற்றம் இதன் மேல்தான் என்று நினைக்கிறேன். இளங்கன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பாத்தி நிறையப் பாய்ச்சினால் வேருக்குக் காற்று கிடைக்காது. சுண்ணாம்பு மண்ணில் ஈரம் தேங்கினால் இரும்பை எடுக்கும் திறன் இன்னும் குறையும். இனிமேல் நாள் கணக்கு வேண்டாம். தூரிலிருந்து ஓரடி தள்ளி ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்தால் அன்றைக்குத் தண்ணீர் தேவையில்லை. தூரைச் சுற்றி மண்ணை அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே வட்டப் பாத்தி எடுங்கள். தூர் நனைந்துகொண்டே இருந்தால் பிசின் வடிகிற நோய் தேடி வரும்.

உடனடி வைத்தியம் இலைவழிதான். 10 லிட்டர் தண்ணீருக்கு துத்தநாகத்துக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், இரும்புக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 25 கிராம். அன்னபேதி வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்: இளம்பச்சைக் கல்லாக இருக்க வேண்டும். காவி ஏறியிருந்தால் கெட்டுப்போனது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருந்தால் அன்னபேதி அதிலேயே துருப்பிடித்துத் தங்கிவிடும். அதனால் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துவிட்டு, அப்புறம் இரண்டையும் போடுங்கள். வடிகட்டி, சாயங்காலம், புதுக் கொழுந்து முக்கால்வாசி விரிந்த நிலையில் இலையின் இரு பக்கமும் படும்படி தெளியுங்கள். முதலில் நாலைந்து கன்றில் தெளித்து, இலை கருகவில்லை என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை. முற்றிய மஞ்சள் இலை முழுதாகப் பச்சைக்குத் திரும்பாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அடுத்து வருகிற கொழுந்தின் நிறம்தான் கணக்கு.

தெளிப்பு நிரந்தரம் இல்லை, ஒவ்வொரு கொழுந்து பருவத்துக்கும் தேவைப்படும். மண்ணில் போடுவதாக இருந்தால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், இ.டி.டி.ஏ. (EDTA) என்ற பொருளோடு பிணைத்த இரும்பு இந்த மண்ணில் நிலைக்காது. இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை என்று கேளுங்கள், விலை கூடுதல்தான். கன்றுக்கு 10 கிலோ நன்றாக மக்கிய தொழுவுரம் வைத்து, மேலே சருகால் மூடாக்குப் போடுங்கள். செடி தேறியபின் தழைச்சத்துக்கு யூரியாவுக்குப் பதிலாக அம்மோனியம் சல்பேட் கொடுங்கள், அது வேரடியில் கொஞ்சம் புளிப்பு ஏற்றும்.

சுக்கான் ரொம்ப மேலேயே இருக்கிற இடத்தில் கன்று செத்துப்போனால், அதே குழியில் விதைக்கன்றையே திரும்ப நடாதீர்கள். ரங்பூர் லைம் என்கிற எலுமிச்சை இன வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்று கிடைக்குமா என்று விசாரியுங்கள், சுண்ணாம்பை அது கூடுதலாகத் தாங்கும். மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனிப் பையில் கட்டிக் கொடுங்கள்.