பெருவிரல் நாடி

அன்புள்ள ஐயா,

அம்பாறை மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். 14 வருடச் சேவை. பெயரைப் போடவேண்டாம், வார்ட்டில் சிரிப்பார்கள்.

என்னோடு இருந்து படம் பார்க்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விருப்பமில்லை. படத்தில் ஆஸ்பத்திரி வந்தால் என் வாய் சும்மா இராது. மொனிட்டரில் கோடு நேராக ஓடுகிறது. உடனே டொக்டர் ஷொக் மெசினைத் தூக்குகிறார். மூன்றாவது ஷொக்கில் ஆள் கண் முழித்து மனைவியின் பெயரைச் சொல்கிறார். கோடு நேராகிவிட்டால் ஷொக் கொடுப்பதில்லை, ஐயா. தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் ஷொக். துடிப்பே இல்லாதவருக்கு நெஞ்சை அமுக்குவதும் அட்ரினலின் ஏற்றுவதும்தான். இதைச் சொன்னால் இவர், "நீ படம் பாக்க வந்தியா, வார்ட் ரவுண்ட் போக வந்தியா?" என்கிறார். போன மாதம் ஒரு படத்தில், அப்போதுதான் பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றித் தகப்பனிடம் கொடுக்கிறார்கள். பிள்ளைக்குக் கழுத்து நின்றுவிட்டது, தகப்பனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் அம்மாவோடு பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்க்கும்போது எனக்கு ஒன்றும் உறுத்துவதில்லை. என்ன வருத்தம் என்றே சொல்லாமல், இரண்டு தரம் இருமவிட்டு, ஒரு பாட்டும் பாடவிட்டுக் கதாநாயகியைச் சாகடிக்கிறார்கள். அதற்கு நானும் அழுகிறேன். ஏன்? எனக்குப் படம் பார்க்கத் தெரியவில்லையா, அவர்களுக்கு எடுக்கத் தெரியவில்லையா?

கடைசியாக ஒன்று, கோபிக்கக்கூடாது. உங்கள் சிறுகதை ஒன்றில் விடியப்புறம் செத்துப்போகும் முதியவரின் கையைத் தாதி பெருவிரலால் பிடித்து நாடி பார்க்கிறாள். எந்தத் தாதியும் அப்படிப் பார்க்கமாட்டாள். பெருவிரலுக்கே சொந்தத் துடிப்பு உண்டு. செத்தவருக்கும் நாடி இருப்பதுபோலத் தெரியும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும்தான் வைப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

* * *

அன்புள்ள தங்கச்சி,

கடிதத்தை மேலிருந்து கீழே வாசிப்பதுதான் என் வழக்கம். உங்களுடையதில் "கோபிக்கக்கூடாது" கண்ணில் பட்டதும் கீழேயிருந்து மேலே போனேன். அந்தப் பெருவிரலோடு மூன்று நாள் மல்லுக்கட்டியாயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கறுப்பு வெள்ளை.

சின்ன வயதில் எங்கள் ஊரில் பார்த்த வடமோடிக் கூத்தொன்றில் அபிமன்னனுக்கு ஆடியவர் ஒரு லொறிச் சாரதி. அபிமன்னன் மீசை அரும்பாத பிள்ளை. இவருக்கு நாற்பது தாண்டும், மீசையோ இரண்டு பேருக்குப் போதும். கூத்து உடுப்பான கரப்புடுப்போடு வட்டக்களரி மேடையை ஒரு சுற்றுச் சுற்றினார், போர்க்களம் வந்துவிட்டது. இன்னொரு சுற்று, சக்கர வியூகத்துக்குள் போய்விட்டார். விடியப்புறம் அவர் விழுந்தபோது என் பெரியம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதா. விழுந்தவர் சற்று நேரத்தில் தானாகவே எழும்பி, உடுப்பைத் தட்டிச் சரிசெய்து, களரிக்குப் பின்னால் போய்ப் பிளேன்டீ குடித்தார். பெரியம்மா அதையும் பார்த்தா. அழுகை நிற்கவில்லை.

"நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்" என்று தொல்காப்பியர் இரண்டையும் அருகருகே வைத்தார். புலவன் இரண்டையும் கலந்துதான் பாடுகிறான். எது எவ்வளவு என்பதில்தான் கதை இருக்கிறது. கூத்துக்காரன் உலகியலிலிருந்து எடுத்துக்கொண்டது மிகக் கொஞ்சம். "நான் அபிமன்னன்" என்று பாடிக்கொண்டு வருகிறான், நாமும் சரி என்கிறோம். உங்கள் கறுப்பு வெள்ளை நாயகியின் இருமலும் கூத்து இருமல்தான். அவளுக்குச் சளிப் பரிசோதனை செய்தார்களா என்று நீங்கள் கேட்காதது அதனால்தான்.

ஷொக் மெசின் படக்காரரின் சங்கதி வேறு. அவர் சேலைன் கம்பியை நட்டார், சுவரில் ஒட்சிசன் குழாய் பொருத்தினார், தாதிக்குச் சரியான தொப்பி தைத்தார், மொனிட்டரை "டிக் டிக்" என்று அடிக்கவிட்டார். இது நிசம் என்று நம்மை நம்பவைக்க உங்கள் வார்ட்டிலிருந்தே அவ்வளவு கடன் வாங்கினார். வாங்கியவர் கணக்குக் காட்டத்தானே வேண்டும்? அவருடைய கதாநாயகன் உயிர்பெறுவது அந்த மெசினால். கதையின் முழுப் பாரமும் அந்த ஒரு ஆணியில் தொங்குகிறது, ஆணியோ மண்சுவரில் அடித்த ஆணி. நீங்கள் சத்தம்போட்டது நியாயம். (இடைவேளை வரைக்கும் பொறுத்துப் போட்டால் வீட்டுக்கு நல்லது.)

கழுத்து நின்ற பிள்ளைக்கு மட்டும் மன்னிப்புக் கொடுங்கள். பிறந்த அன்றைக்கே பிள்ளையைக் கொண்டுபோய் அந்த லைட் வெளிச்சத்தில் பிடிக்க எந்தத் தாய் விடுவாள்? விடவும் கூடாது.

கதையின் பாரம் தொங்காத இடத்துப் பிழை எவ்வளவு பெரிதானாலும் என்னை அது தொந்தரவு செய்வதில்லை. 1997இல் வந்த 'டைட்டானிக்' படத்தில், கப்பல் மூழ்கியபின் நாயகி பலகையில் மிதந்தபடி வானத்தைப் பார்க்கிறாள் அல்லவா? அந்த வானத்தில் உள்ள நட்சத்திரங்கள் பிழை, 1912 ஏப்ரல் 15 விடியப்புறம் அந்தக் கடலுக்கு மேலே இருந்த வானம் அதுவல்ல என்று நீல் டிகிராஸ் டைசன் என்ற வானியலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். 2012இல் படத்தை முப்பரிமாணத்தில் மறுபடி வெளியிட்டபோது இயக்குநர் ஜேம்ஸ் கமரூன் நட்சத்திரங்களைத் திருத்திப் போட்டார். அவருடைய அக்கறை எனக்குப் பிடிக்கும். ஆனால் பழைய வானத்தின் கீழேயும் அந்தப் பெண் குளிரில் விறைத்துத்தான் கிடந்தாள். உலகமே அழுதது.

இதற்கு நேர் எதிராக ஒன்று எங்கள் மட்டக்களப்புக் கல்லடியில் நடந்தது. வெளியூரிலிருந்து சில இளம் பிள்ளைகள் குறும்படம் எடுக்க வந்தார்கள். நல்ல பிள்ளைகள், நல்ல கதை. இரவில் தொழிலுக்குப் போன மகன் திரும்பவில்லை, தகப்பன் கரையில் நின்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசிக் காட்சியில் சூரியன் எழும்புகிறது, தோணி வரவில்லை. அவ்வளவுதான் படம். அவர்கள் நின்ற கிழமை முழுவதும் காலையில் மழை மூட்டம். கல்லடியில் கடல் கிழக்கே, வாவி மேற்கே. என்ன செய்தார்கள்? பின்னேரம் வாவியில் சூரியன் விழுவதைப் பிடித்து, கம்ப்யூட்டரில் தலைகீழாக ஓட்டிவிட்டார்கள். விழுந்த சூரியன் எழும்பிவிட்டது!

ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். தோணி இரவல் கொடுத்த கிழவரும் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். கடைசிக் காட்சி. சனம் மூச்சுவிடாமல் இருக்கிறது. சிவந்த தண்ணீர், எழும்புகிற சூரியன், தகப்பனின் முதுகு. கிழவர் குனிந்து என் காதுக்குள் சொன்னார்: "மனே, நீர்க்காகம் வால்ப்பக்கமாப் பறக்குதே." பார்த்தேன். உண்மைதான். மூலையில் ஒரு நீர்க்காகம் வாலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு வானத்தில் பின்வாங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தகப்பனும் தெரியவில்லை, மகனும் தெரியவில்லை. கிழவர் அதோடு விடவில்லை. வெளியே வந்து அந்தப் பையனிடம், "தம்பி, இஞ்ச வாவிக்குள்ள சூரியன் எழும்பினா அண்டைக்கு உலகம் முடியிற நாள்" என்றார். பையன் சிரித்தான். பாவம், அவனுடைய படம் நின்றதே அந்த விடியலில்தான். அதே சூரியனைச் சும்மா ஒரு பாட்டுக்குப் பின்னால் காட்டியிருந்தால் கிழவர்கூடக் கேட்டிருக்கமாட்டார். சென்னை மெரினாவில் கடலுக்குள் சூரியனை விழவைத்தாலும் பாட்டென்றால் பார்த்துவிட்டுப் போய்விடுவோம்.

ஒரு வேடிக்கை. அந்தப் பிள்ளைகளிடம் இங்கே மீன் பாடும், முழுநிலவன்று தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள் என்றேன். "அதைப் படத்தில் வைத்தால் லொஜிக் இல்லை என்பார்கள், சேர்" என்றான் அதே பையன். பின்னுக்குப் பறக்கும் காகத்துக்கு இல்லாத பயம் மீனுக்கு.

அவனை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் இல்லை. இருபத்திரண்டு வயதில் நான் எழுதிய முதல் கதை ஒரு கலியாணத்தில் முடிந்தது. மணப்பெண் தாய் தகப்பனின் காலில் விழுந்து, அழுது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருசன் வீட்டுக்குக் காரில் ஏறுகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அச்சில் வந்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தா. பிறகு கேட்டா:

"ஏன் மனே, இந்தப் புள்ளைக்குத் தாய் வீடு குடுக்கல்லியா?"

"கதைதானே அம்மா."

"வீடு குடுக்காம எப்பிடிக் கலியாணம் முடிச்ச?"

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறான். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். குடி என்கிற குலமும் தாய்வழி. முஸ்லிம் ஊர்களிலும் கலியாண வீடு பெண்ணின் வீடுதான். எங்கள் வீட்டிலேயே அப்பா அப்படி வந்தவர்தான். அதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான், தமிழ்நாட்டு வாரப்பத்திரிகைக் கதைகளை வாசித்து வாசித்து, என் ஊர்ப் பெண்ணை அவள் ஒருநாளும் ஏறாத காரில் ஏற்றிவிட்டேன். நான் கேட்டு வளர்ந்த மறுகா, மனே, கிறுகி வருவது என்ற எங்கள் ஊர்ப் பேச்சு அந்தக் கதையில் ஒன்றுகூட இல்லை. மெசினைப் பிழையாகக் காட்டினால் உங்களைப் போல் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், போகட்டும். மனிசர் இருக்கிற விதத்தைப் பிழையாகக் காட்டுவதை என்னால் அப்படி விடமுடியவில்லை. என் கதையையும் சேர்த்துத்தான்.

பிழை என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. வைகாசியில் கோயில்களில் படிக்கும் கண்ணகி கதையான கண்ணகி வழக்குரை கேட்டிருப்பீர்கள். கண்ணகியைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்குக்கு முன்னே ஊரூராகப் படிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய ஓட்டை அது! தேவியின் சிலம்புக்குள் இருப்பது முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். கோவலனைக் கொல்லுமுன் சிலம்பை ஒருதரம் ஆட்டிப் பார்த்திருந்தால், ஒரு தட்டானைக் கூப்பிட்டுப் பிரித்திருந்தால், மதுரை எரிந்திராது. வார்ட்டில் மருந்து கொடுக்குமுன் நீங்கள் பெயரைக் கேட்டுக் கட்டில் அட்டையையும் பார்க்கிறீர்களே, அவ்வளவு போதும். ஒரு பேரரசனுக்கு அது தோன்றவில்லையா?

இதே கதையைச் சிலப்பதிகாரமாகப் பாடிய இளங்கோவுக்கு அந்த ஓட்டை தெரியும். "வினைவிளை காலம் ஆதலின் யாவதும் சினைஅலர் வேம்பன் தேரான் ஆகி" என்கிறார். ஆராயவில்லை என்று ஒத்துக்கொள்கிறார். ஊடிப்போன தேவியின் பின்னால் அவசரமாகப் போகிற நேரத்தில், வாசலில் தட்டான் வந்து நிற்கிறான். மன்னன் நின்று விசாரிக்கவில்லை, கொன்று சிலம்பைக் கொண்டுவா என்றுவிட்டுப் போகிறான். பிறகு கண்ணகி அவைக்கு வந்து அவனைக் கூப்பிடுகிற முதல் சொல் என்ன? "தேரா மன்னா." அரசனின் அந்த ஓட்டையைப் பெயராகவே சூட்டிவிட்டாள். எழுதியவன் கையிலிருந்த பிழையை எடுத்துப் பாத்திரத்தின் கையில் கொடுத்துவிட்டார் இளங்கோ. நம் கோயில்களில் இத்தனை வைகாசி படித்தும் "லொஜிக் இல்லையே" என்று ஒருவரும் எழும்பவில்லை.

இனி உங்கள் பெருவிரல். முதலில் திருத்திவிடத்தான் நினைத்தேன். பெருவிரலை அடித்துவிட்டு இரண்டு விரல் என்று எழுதினால் ஒரு நிமிட வேலை. அப்படித் திருத்தியும் பார்த்தேன். பிழை போனது, அந்த இடம் முன்போலவே உயிரில்லாமல் கிடந்தது. உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். "செத்தவருக்கும் நாடி இருப்பதுபோலத் தெரியும்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன்.

கதையில் முதியவரின் மகன் ஒருவன் இருக்கிறான், ஞாபகமா? இரவு முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தவன். முந்திய வடிவத்தில் அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை, சும்மா இருந்து அழுதான். இப்போது தாதி வரும்போது தகப்பனின் மணிக்கட்டை அவன் பிடித்துக்கொண்டிருக்கிறான், பெருவிரலால், இறுக்கி. "மிஸ், இன்னும் துடிக்குது" என்கிறான். அவள் மறுபக்கம் வந்து மற்றக் கையில் இரண்டு விரல்களை வைத்துப் பார்க்கிறாள். மறுபடியும் வைத்துப் பார்க்கிறாள். பிறகு அவனுடைய பெருவிரலைப் பார்க்கிறாள், உடனே ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் ஒரு தாதி எவ்வளவு நேரம் பேசாமல் நிற்பாள், தங்கச்சி? அதை எழுதுங்கள். திருத்திய கதையை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.