சாவியைத் திருப்பினால் 'டக்' சத்தம் மட்டும்: பழைய டிராக்டருக்கு எதை வாங்குவது?

கேள்வி: பழைய டீசல் டிராக்டர் வைத்திருக்கிறேன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு மெக்கானிக் பேட்டரி போய்விட்டது என்கிறார். இன்னொருவர் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். இரண்டையும் வாங்க வசதியில்லை. எதை முதலில் வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் மட்டும் கைக்கு வரட்டும், கடன் வாங்கினாலும் சரி. இரண்டு மெக்கானிக்குகளும் சத்தத்தைக் கேட்டே சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இந்த 'டக்' சத்தம் நான்கைந்து கோளாறுகளுக்குப் பொதுவானது.

முதலில் பேட்டரி. நன்றாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12 வோல்ட்தான் காட்டுகிறது என்றால் அது பெரும்பாலும் காலியான பேட்டரி. ஆனால் 12.6 காட்டினாலும் நம்பிவிடக் கூடாது. மீட்டரை டெர்மினலில் வைத்தபடியே இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் இழுக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஐந்து, ஆறு என்று சரிந்தால் பேட்டரி மேல் சந்தேகம் வரும். அப்போதும் அவசரம் வேண்டாம். செல்ஃப் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலோ, இன்ஜினே இறுகியிருந்தாலோ நல்ல பேட்டரியும் அப்படித்தான் சரியும். ஓடுகிற வண்டியின் பேட்டரி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதுவும் சரிந்தால் உங்கள் பேட்டரி மேல் குற்றமில்லை.

மாறாக, சாவியைத் திருப்பியும் வோல்ட் அசையவே இல்லை, ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால் கரண்ட் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். வழியில் எங்கோ நிற்கிறது.

அடுத்தது கேபிள். பழைய டிராக்டர்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். டெர்மினலில் பூத்திருக்கும் உப்பு கண்ணுக்குத் தெரியும். கிளாம்ப்புக்குள்ளும், ரப்பர் உறைக்குள் கருத்துப்போன செம்புக் கம்பியிலும், சேஸிஸில் எர்த் ஒயர் பிடிக்கும் போல்ட்டுக்கு அடியில் உள்ள பெயின்ட்டிலும் துருவிலும் இருப்பது தெரியாது. டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும், ஏனென்றால் அந்த பல்புக்குத் தேவை மிகக் குறைவு. டீசல் இன்ஜினைச் சுற்றும் செல்ஃப் 200 ஆம்பியர், அதற்கு மேலும் இழுக்கும். அந்த நேரத்தில் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையைக் கிளாம்ப்பில் வைக்காமல் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தண்டின் மேலேயே வையுங்கள். மறு முனை, பேட்டரி கேபிள் வந்து சேரும் செல்ஃபின் தடித்த போல்ட்டில். இப்போது சாவியைத் திருப்பினால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அதேபோல நெகட்டிவ் தண்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கு அளந்தால் 0.2, 0.3 வோல்ட் வரை பரவாயில்லை. கூடுதலாக இருந்தால் இணைப்பைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். (சில மிகப் பழைய டிராக்டர்களில் பாசிட்டிவ்தான் எர்த்தில் இருக்கும். எது சேஸிஸோடு இணைந்திருக்கிறதோ அதை முதலில் கழற்ற வேண்டும்.)

இதுவரை எல்லாம் சரி என்றால் செல்ஃபின் மேலே உட்கார்ந்திருக்கும் சோலினாய்டுக்கு வாருங்கள். சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் காந்த ஸ்விட்ச் அது. அதில் இரண்டு தடித்த போல்ட்கள் இருக்கும். ஒன்றில் பேட்டரி கேபிள், மற்றது மோட்டாருக்குள் போகும். சாவியைத் திருப்பி 'டக்' கேட்கும்போது பேட்டரி பக்கத்து போல்ட்டில் காட்டும் வோல்ட் ஏறக்குறைய அப்படியே மோட்டார் பக்கத்து போல்ட்டுக்கும் வராவிட்டால், உள்ளே இருக்கும் செம்புக் கான்டாக்ட் கருகியிருக்கிறது. வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும், அதுவும் இன்ஜின் கையால் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு.

ஒரே 'டக்' இல்லாமல் 'டக்டக்டக்' என்று படபடத்தால் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வோல்ட் போதாமல் சோலினாய்டு பிடித்துப் பிடித்து விடுகிறது. பேட்டரியும் இணைப்புகளும்தான்.

கேள்வி: எங்கள் டிராக்டரில் சத்தமே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபின் இரண்டு போல்ட்களையும் தொட வைத்தால் ஸ்டார்ட் ஆகும் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். தரையில் நின்றபடி அப்படிச் செய்து, கியரில் இருந்த டிராக்டர் கிளம்பிப் பின் சக்கரம் ஏறி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. நியூட்ரல் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச் எல்லாவற்றையும் அந்த ஸ்க்ரூடிரைவர் தாண்டிவிடுகிறது. நியூட்ரலில்தான் இருக்கிறது என்று நிச்சயமாக நினைத்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது.

சத்தமே இல்லை என்றால் செலவு சின்னதாகவே முடிய வாய்ப்பு அதிகம். சோலினாய்டுக்கு வரும் மெல்லிய ஒயரில், ஒருவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்துச் சாவியைத் திருப்பும்போது, 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்கட்டும், நீங்கள் சக்கரத்துக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காதீர்கள். வோல்ட் வந்தும் சத்தம் இல்லையென்றால் சோலினாய்டு. வரவில்லை என்றால் ஃப்யூஸ், சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், சில மாடல்களில் பி.டி.ஓ. (டிராக்டரில் மாட்டும் கருவிகளைச் சுற்றும் தண்டு) ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள். கோளாறான ஸ்விட்சை மாற்றுங்கள், ஒயரை முறுக்கி நேராக இணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: செல்ஃப்தான் போயிருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. ரிப்பேர் செய்வதா, புதிதாக வாங்குவதா?

கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலோ, புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) போயிருந்தாலோ, சோலினாய்டு கான்டாக்ட் கருகியிருந்தாலோ ரிப்பேர்தான் என் ஓட்டு. பழைய செல்ஃப்களின் உடம்பு கனமானது, செம்பும் தாராளமாக இருக்கும். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் செம்புச் சுருள்) எரிந்திருந்தால் மட்டும் புதிதைப் பற்றி யோசியுங்கள். வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பினியன் (செல்ஃப் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) பல் எண்ணிக்கை, சுற்றும் திசை, போல்ட் துளைகளின் இடம். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் அலைச்சல்தான். ரிப்பேருக்குக் கொடுத்தால், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய டிராக்டர் ஒன்று மலிவாக வருகிறது. "பேட்டரி மட்டும்தான் வீக், மற்றபடி கண்டிஷன்" என்கிறார் விற்பவர். வருஷக்கணக்கில் நின்ற வண்டி. நம்பலாமா?

பேட்டரிதான் குறை என்றால் விற்கும் முன் அவரே ஒன்றை இரவலாவது வாங்கிப் போட்டு ஓட்டிக் காட்டியிருப்பாரே! போகும்போது நல்ல பேட்டரி ஒன்றை எடுத்துப் போங்கள். ஆனால் உடனே மாட்டிச் சாவியைத் திருப்பாதீர்கள். மேல்நோக்கிய சைலன்சர் குழாய் மூடாமல் கிடந்திருந்தால் மழைத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது. செல்ஃப் வேகத்தில் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும்.

முதலில் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்தது போல இருந்தால் உள்ளே தண்ணீர். அப்புறம் இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் நாப்பை இழுத்துவிட்டு, நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். கம்ப்ரஷனில் கனமாக வந்து பிறகு விட்டுக்கொடுத்து, இரண்டு முழுச் சுற்று சுற்றினால் நல்லது. ஓரிடத்தில் சட்டென்று நின்றால் பலம் காட்ட வேண்டாம். இன்ஜெக்டர்களைக் கழற்றிய பிறகு சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், இன்ஜின் இறுகிய வண்டிக்கு என்ன தருவீர்களோ அந்த விலையைச் சொல்லுங்கள்.

கேள்வி: பேட்டரியே மாற்ற வேண்டியதாகிவிட்டது. பெரிதாகப் போட்டால் செல்ஃப் எரிந்துவிடுமா?

எரியாது. வோல்ட் அதேதான் என்றால், செல்ஃப் தனக்கு வேண்டிய ஆம்பியரைத்தான் இழுக்கும். பெட்டியில் உட்காருகிறதா, கிளாம்ப் இறுகுகிறதா, டெர்மினல் பழைய பக்கமே வருகிறதா என்பதைப் பாருங்கள். ஆம்பியர் ஹவரோடு, குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரும் ஆம்பியர் அளவையும் கேளுங்கள். தயாரித்த மாதத்தையும் பார்த்து வாங்குங்கள், கடையில் பல மாதம் சும்மா இருந்தது வேண்டாம். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் விழாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.