அறிவுசார் மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கைத் தரத்தையும் உரிமைகளையும் எப்படி அளக்கிறார்கள்?

ஒருவர் தன் வாழ்க்கையை எவ்வளவு நன்றாக, எவ்வளவு தன் விருப்பப்படி வாழ்கிறார் என்பதே வாழ்க்கைத் தரம். பரவலாகப் பயன்படும், அமெரிக்க உளவியலாளர் ஷாலாக்கின் சட்டகம் அதை 8 கூறுகளாகப் பிரிக்கிறது: உடல்நலம், மனநலம், உறவுகள், பொருள் வசதி, தனிமனித வளர்ச்சி, சுயமுடிவு, சமூகப் பங்கேற்பு, உரிமைகள்.

"உரிமை இருக்கிறதா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. அறைக்குள் வருபவர் கதவைத் தட்டுகிறாரா, பணம் யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

அவர்களையே கேட்கும்போது வரும் பெரிய சிக்கல், எதற்கும் "ஆமாம்" என்பது. பிறர் சொல்கேட்டே வாழப் பழகியவர்களிடம் இது அதிகம். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்பார்கள், "இங்கே பிடிக்குமா?", "பிடிக்காதா?" இரண்டுக்கும் "ஆமாம்" வந்தால் அந்தப் பதிலை நம்ப முடியாது. அப்போது படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். பராமரிப்பவரை மட்டும் கேட்பது, செருப்பு கடிக்கிறதா என்று பக்கத்தில் நடப்பவரைக் கேட்பது போல.

நுண்ணறிவு ஈவு (IQ) குறைந்தால் வாழ்க்கைத் தரமும் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, கிடைக்கும் ஆதரவும் தேர்வுரிமையும் அதைப் பெரிதும் மாற்றும்.