கவுண்ட்டவுன் டைமர் ஏன் பின்தங்குகிறது?

கேள்வி: எங்கள் புடவைக் கடையின் இணையதளத்தில் பொங்கல் தள்ளுபடிக்கு ஒரு கவுண்ட்டவுன் டைமர் வைத்திருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டில், விநாடிக்கு ஒன்று கழியும்படி எழுதியது. வேறு டேப்புக்குப் போய்த் திரும்பினால் சில நிமிடம் பின்தங்கி நிற்கிறது. சிங்கப்பூரில் பார்ப்பவர்களுக்குச் சலுகை முன்னதாகவே முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகு மைனஸ் எண்கள் ஓடுகின்றன. என்ன செய்வது?

பதில்: கோளாறின் வேர் அந்தக் "கழித்தலில்" இருக்கிறது. ஒரு ஃபங்ஷனைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் செட்இன்டர்வலுக்கு 1000 மில்லிவிநாடி (ஒரு விநாடி) கொடுத்தால், "1000-க்கு முன்னால் கூப்பிடமாட்டேன்" என்பதுதான் அது தரும் உறுதி. சரியாக 1000-இல் கூப்பிடுவதாக அது ஒருபோதும் சொல்வதில்லை. பக்கம் வேறு வேலையில் இருந்தால் தாமதமாகும். டேப் மறைந்திருந்தால் பிரவுசரே பேட்டரியை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துவிடும். 2021-இல் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழும் (பாட்டு ஓடுவது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு). உங்கள் கணக்கில் அந்த ஒரு நிமிடத்துக்கு ஒரே ஒரு விநாடிதான் கழியும்.

அதனால் எண்ணிக் கழிப்பதையே விட்டுவிடுங்கள். முடியும் நேரத்தை ஒரு மாறியில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதிலிருந்து டேட்.நவ் தரும் இப்போதைய நேரத்தைக் கழித்து மீதியைப் புதிதாகக் கணக்கிடுங்கள். பத்து நிமிடம் தூங்கி எழுந்தாலும் அடுத்த முறையே சரியான எண் வந்துவிடும். டேப் மறையும்போதும் திரும்பத் தெரியும்போதும் எழும் 'விசிபிலிட்டிசேஞ்ச்' நிகழ்விலும் அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டால் டேப்புக்குத் திரும்பியதும் பழைய எண் கண்ணில் படாது. இடைவெளியை 250 மில்லிவிநாடி ஆக்குங்கள். 1000 வைத்தால் சிறுசிறு தாமதங்கள் சேர்ந்து, 10-லிருந்து நேரே 8-க்குத் தாவுவது போன்ற காட்சி எப்போதாவது வரும்.

மீதி மில்லிவிநாடியை 1000-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்குங்கள். கீழ்நோக்கி முழுமையாக்கினால் கடைசி ஒரு விநாடி முழுக்கப் பூஜ்யம் காட்டியபடி நிற்கும். பிறகு 86400-ஆல் வகுத்தால் நாள், அதன் மீதியை 3600-ஆல் வகுத்தால் மணி, அதன் மீதியை 60-ஆல் வகுத்தால் நிமிடம். சரிபார்க்க ஒரு கணக்கு: 2,00,000 விநாடி என்பது 2 நாள், 7 மணி, 33 நிமிடம், 20 விநாடி. உங்கள் ஃபங்ஷன் இதைத் தரவில்லையென்றால் அங்கேயே நின்று பிழையைத் தேடுங்கள்.

அடுத்து சிங்கப்பூர். முடியும் நேரத்தை நேர மண்டலம் இல்லாமல் எழுதியிருப்பீர்கள். தேதியும் மணியும் இருந்து மண்டலம் இல்லையென்றால், பிரவுசர் அதைப் பார்ப்பவரின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் இரண்டரை மணி முன்னதாக முடியும். ஜனவரியில் லண்டனில் ஐந்தரை மணி பிந்தும். மணியே இல்லாமல் தேதியை மட்டும் 2027-01-15 என்று எழுதினால் விதி வேறு: அது யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாகிவிடும், நமக்குக் காலை 5:30. இந்த இரட்டை விதி பழகியவர்களையும் கவிழ்க்கிறது. தேதி, நடுவில் டி என்ற ஆங்கிலப் பெரிய எழுத்து, 00:00:00, கடைசியில் +05:30 என்று முழுமையாக எழுதுங்கள். டி-க்குப் பதில் வெறும் இடைவெளி விட்டால் பழைய சஃபாரியில் தேதியே புரியாமல், திரையில் 'என்ஏஎன்' (எண் அல்ல) என்று வரும். "14-ஆம் தேதி இரவு 12 மணி" என்ற பேச்சு வழக்கு கோடில் 15-ஆம் தேதி 00:00 என்பதையும் கவனியுங்கள். 14 என்று போட்டால் ஒரு நாள் சலுகை காணாமல் போகும்.

மைனஸ் எண்ணுக்கு மருந்து சுலபம். மீதி பூஜ்யமோ அதற்குக் கீழோ ஆனதும் கிளியர்இன்டர்வல் கூப்பிட்டு டைமரை நிறுத்தி, "சலுகை முடிந்தது" என்று காட்டுங்கள். பக்கம் திறந்தவுடனும் இதே சோதனை ஓடவேண்டும். சலுகை முடிந்த மறுநாள் வருபவரும் இருப்பார். முடியும் தருணத்துக்கு ஒரே நீளமான செட்டைம்அவுட் (ஒருமுறை மட்டும் எழும் டைமர்) வைக்க நினைத்தால் வேண்டாம். 2147483647 மில்லிவிநாடிக்கு, அதாவது ஏறத்தாழ 24.8 நாளுக்கு மேல் கொடுத்தால் அது காத்திருக்காமல் உடனே ஓடிவிடும்.

பார்ப்பவரின் கடிகாரமே தவறாக இருந்தால்? பக்கம் திறக்கும்போது சர்வர் நேரத்தை ஒருமுறை வாங்கி, அதிலிருந்து டேட்.நவ்-வைக் கழித்து வரும் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்கிலும் டேட்.நவ்-வோடு கூட்டுங்கள். அந்த நேரத்தை எச்டிஎம்எல்-லுக்குள் பதித்துவிடாதீர்கள். பக்கம் கேஷ் ஆனால் (நகல் சேமிக்கப்பட்டு அதுவே திரும்பத் தரப்பட்டால்) பழைய நேரம்தான் எல்லோருக்கும் போகும். கேஷ் ஆகாத தனி முகவரியிலிருந்து எடுங்கள்.

பழைய விலையில் ஆர்டர் எடுக்கலாமா என்பதைச் சர்வர்தான் தீர்மானிக்க வேண்டும். திரையில் ஓடும் எண்ணை யார் வேண்டுமானாலும் பிரவுசரிலேயே மாற்றிவிடலாம், ஆகவே பணம் வாங்கும் இடத்தில் முடியும் நேரத்தை மறுபடி சோதியுங்கள்.