கிராபோவி என்ற பட்டம்

அன்புள்ள ஐயா,

குப்பியோ வெண்கலத் தகடுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஜூபிடர் என்ற தெய்வத்துக்கு வரும் ‘கிராபோவி’ என்ற அடைமொழிக்குப் பொருள் சொல்லாமலே தாண்டிவிட்டீர்கள். ‘ஓக் மரத்துக்குரியவன்’ என்று வேறோரிடத்தில் படித்த நினைவு. அதை ஏன் எழுதவில்லை?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

தாண்டியது உண்மைதான். ஓக் என்று எழுத மனம் ஒப்பவில்லை.

1444இல் இத்தாலியின் குப்பியோவில் கிடைத்த அந்த ஏழு தகடுகள், உம்பிரியம் என்ற பண்டை இத்தாலிய மொழியில் சடங்கு முறைகளைச் சொல்பவை. அவற்றில் பல சொற்கள் தெளிவானவை. ‘பீர்’ நெருப்பு, ‘உதுர்’ தண்ணீர். ‘துபுர்சுஸ் பெதுர்புர்சுஸ்’ என்பதில் நம் காதில் விழுந்த சமஸ்கிருத ‘துவிபாத, சதுஷ்பாத’ அப்படியே கேட்கிறது: இருகால், நாற்கால் உயிர்கள். கிராபோவிக்கு அப்படி ஒரு கைப்பிடி இல்லை.

ஓக் என்பவர்கள் காட்டுவது, ஓக் கட்டையைப் பிளந்து செய்த தீப்பந்தத்தைக் குறிக்கும் ‘கிராபியோன்’ என்ற கிரேக்கச் சொல்லை. ஸ்லாவிய மொழிகளின் ‘கிராப்’ என்ற மரப்பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்த மரம் ஓக் இல்லை, வேறு மரம். இன்னும் சிலர் வேரை அண்டை எத்ருஸ்க மொழியில் தேடுகிறார்கள்.

எழுத்தும் சிக்கல்தான். முதல் தகடு வலமிருந்து இடமாக ஓடும் பழைய உம்பிரிய எழுத்தில் இருக்கிறது. அதில் ‘கடல்’ என்பதன் ககரத்துக்கும் ‘கங்கை’யின் முதல் ககரத்துக்கும் ஒரே எழுத்து, நம் தமிழைப் போலவே. அதே சடங்கை லத்தீன் எழுத்தில் திரும்பச் சொல்லும் ஆறாம் தகட்டைப் பார்த்துத்தான் இது கங்கையின் ககரம் என்று தெரிகிறது. சரி, ஒலி கிடைத்துவிட்டது. பொருள்?

எனக்குப் பெரிதாகப் படுவது சொல் நிற்கும் இடம். ஊருக்கு மூன்று வாசல்கள். ஒவ்வொன்றின் முன்னும் மூன்று மாடுகளைப் பலி கொடுக்கிறார்கள்: முதல் வாசலில் ஜூபிடருக்கு, அடுத்ததில் மார்ஸுக்கு, மூன்றாவதில் வோஃபியோனுஸுக்கு. மூவருக்குமே கிராபோவி என்ற பட்டம் உண்டு. வாசலின் பின்புறம் பலி வாங்கும் தெய்வங்களுக்கு அது இல்லை. ஜூபிடருக்கு ஓக் பொருந்தும், ரோமானியருக்கு அது அவருடைய மரம். போர்த்தெய்வமான மார்ஸுக்கு? மூவரையும் சேர்த்துக் கட்டும் ஏதோ ஒன்றைத்தான் அந்தச் சொல் குறிக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

அதனால் கட்டுரையில் கிராபோவி அப்படியே இருக்கட்டும். ஓக் ஊகத்தை அடிக்குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்